திரை முந்தி விழுந்த இரவு

எமது பாடசாலை நூலகத்தில் ஆங்கிலப் புத்தகங்களுக்கென்று இரண்டு அலுமாரிகள் இருந்ததை, இம்மலரைக் கையில் எடுத்திருக்கும் பலரும் மறந்திருக்க மாட்டீர்கள். மேல் தட்டுகளில் கலைக்களஞ்சியங்கள். நடுவில் சேக்ஸ்பியரும் டிக்கன்சும். குந்தியிருந்து எடுக்கவேண்டிய கீழ்த் தட்டில் அகதா கிறிஸ்ரி. மேல் தட்டுப் புத்தகங்கள் புதிதுபோலவே இருந்தன. கீழ்த் தட்டுப் புத்தகங்கள்தாம் மட்டை கழன்று, நூல் பிரிந்து கிடந்தன. தொண்ணூறுகளில் மின்சாரம் இல்லாத இரவுகளில், ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து எண்ணெய் கொஞ்சமாய் விட்டு ஏற்றிய விளக்கில், பாடப்புத்தகத்துக்குள் மறைத்து அவற்றை வாசித்தவர்கள் நாம். கொலைகாரர் யார் என்று முதலில் வாசித்து முடித்தவர் மற்றவருக்குச் சொல்லிவிடக் கூடாது என்பது எமது வகுப்பில் எழுதப்படாத சட்டம். அதை மீறியவரோடு ஒரு கிழமை ஒருவரும் கதைக்க மாட்டோம்.

அதே தட்டில், தடித்த நாவல்களுக்கிடையே ஒட்டிக்கொண்டு ஒரு மெல்லிய புத்தகமும் கிடந்தது. நாடகம் நடிப்போருக்கென சாமுவேல் பிரெஞ்ச் நிறுவனத்தார் வெளியிட்ட பதிப்பு. பெயர் வேர்டிக்ற், அதாவது தீர்ப்பு. உயர்தர வகுப்பில் இருந்தபோது ஒரு மழைநாளில் அதை எடுத்து வாசித்தோம். கொலை நடக்கிறது, ஆனால் துப்பறிபவர் எவரும் வரவில்லை. கொலை செய்தவர் யார் என்பது எமது கண்முன்னாலேயே தெரிந்துவிடுகிறது. கடைசிச் சில தாள்களைக் கறையான் தின்றிருந்தது. மிஞ்சியிருந்த பக்கத்தில் ஒரு பெண் ஒரு மனிதரைத் தனியே விட்டுவிட்டு வீட்டைவிட்டுப் போகிறாள். அதுதான் முடிவு என்று நினைத்துப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தோம். அந்தத் தவறான எண்ணம் இருபது வருடங்கள் எம்மோடு இருந்தது. அந்த நாடகத்தையும் அதை எழுதியவரையும் பற்றியதே இக்கட்டுரை.

அகதா மில்லர் 1890 செப்ரெம்பர் 15ஆம் திகதி இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையோர நகரான ரோர்கீயில் பிறந்தார். தந்தையார் அமெரிக்கர், உழைக்காமல் வாழ வசதியிருந்தவர். தாயார் கிளாரா, எதிலும் தமக்கென்று ஒரு கொள்கை வைத்திருந்தவர். பிள்ளைகள் எட்டு வயதுக்கு முன் வாசிக்கக் கூடாது என்பது அக்கொள்கைகளில் ஒன்று. மகளோ ஐந்து வயதிலேயே தானாக வாசிக்கப் பழகிக்கொண்டாள். பாடசாலை மலரில் எழுதும்போது இதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்: உலகில் மிக அதிகமாக விற்பனையான நாவல்களை எழுதிய இவர் ஒழுங்காகப் பாடசாலைக்குப் போனவரல்லர். வீட்டில் படித்தார், ஊரில் சிறிது காலம், பின்னர் பாரிசில் சிறிது காலம் படித்தார். பதினொரு வயதில் தந்தையை இழந்தார். பியானோவும் பாட்டும் நன்றாக வந்தன. ஆனால் சபைக்கு முன்னே வாய் திறக்க முடியாத கூச்சம். அந்தக் கூச்சம் இறுதிவரை அவரை விடவில்லை. பின்னாளில் அவருடைய நாடகத்தின் வெற்றியைக் கொண்டாட சவோய் ஹோட்டலில் நடந்த விருந்துக்கு நேரத்தோடு போனபோது, வாசலில் நின்றவர் அவரை அடையாளம் காணாமல் உள்ளே விட மறுத்தார். தாமே விருந்தின் நாயகி என்று சொல்ல வாய் வராமல் பேசாமல் திரும்பி நடந்தார் அவர். பரிசளிப்பு விழாக்களில் கடைசி வாங்கிலைத் தேடிப் போய் இருந்த எம் தோழியர் சிலரை இது நினைவூட்டும்.

1914ஆம் ஆண்டு நத்தாருக்கு முதல்நாள் ஆர்ச்சி கிறிஸ்ரி என்ற விமானப்படை அதிகாரியை மணந்தார். யுத்தம் தொடங்கிவிட்டிருந்தது. கணவர் பிரான்சில்; இவர் ரோர்கீயில் தொண்டர் தாதியாக. பின்னர் வைத்தியசாலையின் மருந்தகத்துக்கு மாறி, 1917இல் மருந்தாளர் பரீட்சையிலும் சித்தியடைந்தார். வைத்தியத்துறையில் இருப்பதால் எமக்கு இந்தக் காலப்பகுதியில்தான் ஈடுபாடு அதிகம்.

பயிற்சிக்காக அவர் ஊரிலிருந்த ஒரு மருந்துக்கடைக்காரரிடம் போய்வந்தார். அம்மனிதர் தம் வல்லமையில் மிகுந்த நம்பிக்கை உள்ளவர். குராரே என்ற நஞ்சின் சிறு துண்டொன்றைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு திரிவார். அது தமக்கு ஒரு பலத்தைத் தருகிறதென்று பெருமைப்படவும் செய்தார். ஒருநாள் மலவாயில் வைக்கும் மருந்து வில்லைகளைச் செய்துகாட்டும்போது, கணக்கில் தசமப் புள்ளியை ஓரிடம் தள்ளி வைத்துவிட்டார். பத்து மடங்கு மருந்து. அகதா அதைக் கண்டுகொண்டார். ஆனால் இருபது வயதுகளில் இருந்த ஒரு பயிற்சிப் பெண், ஊர் மதிக்கும் மருந்தாளரிடம் பிழை விட்டுவிட்டீர்கள் என்று எப்படிச் சொல்வது? சொன்னாலும் அவர் ஒப்புக்கொள்வாரா? அகதா கால் தடுக்கியதுபோல் நடித்து, வில்லைகளை நிலத்தில் கொட்டி, காலாலும் நன்றாக மிதித்துவிட்டார். கைதவறிய பிள்ளை என்று ஏச்சு வாங்கினார். வில்லைகள் புதிதாகச் செய்யப்பட்டன. ஒரு நோயாளி தப்பினார். யாரிடமிருந்து தப்பினார் என்பது அவருக்கே தெரியாது.

இச்சம்பவத்தை அவருடைய சுயசரிதையில் முதன்முதல் வாசித்தபோது எமக்குக் கை குளிர்ந்தது. காரணம் உண்டு. உள்ளகப் பயிற்சிக் காலத்தில், இரண்டாம் இரவுக் கடமையின் விடியற்புறம், ஒரு முதியவருக்கு டிகொக்சின் என்னும் இதய மருந்தை 0.25 மில்லிகிராம் என்று எழுதவேண்டிய இடத்தில், புள்ளி பதியாமல் எழுதிவிட்டோம். பிழை எம்முடையதே, வேறொருவரையும் சொல்வதற்கில்லை. அனுபவம் மிக்க தாதி ஒருவர் நோயாளியின் அட்டையைக் கொண்டுவந்து, எழுத்து மங்கலாக இருக்கிறது, திரும்ப ஒருதரம் எழுதித் தாருங்கள் என்று மட்டும் கேட்டார். எழுத்து மங்கலாக இருக்கவில்லை. அவருக்கும் தெரியும், எமக்கும் தெரியும். அன்றைக்கு அவர் காத்தது முதியவரை மட்டுமல்ல. ஆனால் அந்த மௌனம் சரியா என்ற கேள்வி இன்றும் எம்மை விடவில்லை. பிழையைப் பதிவு செய்திருந்தால் அடுத்த இரவு இன்னொருவர் அதே பிழையை விடாமல் இருந்திருக்கலாம். இப்போது எம்மிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்குப் பதிவு செய்யச் சொல்லித்தான் கொடுக்கிறோம்.

மருந்தகத்தில் வேலை குறைந்த மதியங்களில்தான் அகதாவுக்குத் துப்பறியும் கதை எழுதும் எண்ணம் வந்தது. சுற்றிவர நஞ்சுப் போத்தல்கள். எனவே கொலையும் நஞ்சாலேயே. பெல்ஜியத்திலிருந்து யுத்தத்துக்குத் தப்பி ஓடிவந்த அகதிகள் பலர் அப்போது ரோர்கீயில் குடியேறியிருந்தனர். எனவே துப்பறிபவரும் ஒரு பெல்ஜிய அகதி. ஹேர்குல் புவாரோ பிறந்தது இப்படித்தான். பதிப்பகங்கள் பல திருப்பியனுப்பிய அந்த முதல் நாவல் 1920இல் வெளிவந்தது. மருந்தாளர்களின் தொழிற்சஞ்சிகை ஒன்று நஞ்சைப் பற்றி இவ்வளவு சரியாக எழுதியிருக்கிறாரே என்று பாராட்டியது. கிடைத்த பாராட்டுகளில் அதுவே அவருக்கு மிகவும் பிடித்தது. பின்னொரு காலத்தில், 1961இல் வெளிவந்த நாவலில் தல்லியம் என்னும் நஞ்சின் அறிகுறிகளை அவர் எழுதியிருந்த விதத்தை நினைவில் வைத்திருந்த தாதி ஒருவர், 1977இல் இலண்டன் ஹமர்ஸ்மித் வைத்தியசாலையில் காரணம் தெரியாமல் நோயுற்றிருந்த ஒரு குழந்தையின் நோயை அடையாளம் காட்டினார். குழந்தை பிழைத்தது. கதைப்புத்தகம் வாசிக்கும் பிள்ளைகளை ஏசும் பெற்றோர் கவனிக்க.

அவருடைய வாழ்வின் துயரப் பகுதியைச் சுருக்கமாகவே சொல்வோம். அதைப் பற்றி ஏற்கெனவே அளவுக்கு மிஞ்சி எழுதப்பட்டிருக்கிறது. 1926இல் தாயார் இறந்தார். அதே ஆண்டு கணவர் வேறொரு பெண்ணை விரும்புவதாகச் சொன்னார். டிசெம்பர் 3ஆம் திகதி இரவு அகதா காரை எடுத்துக்கொண்டு வெளியேறினார். கார் கைவிடப்பட்டுக் கிடந்தது, ஆளைக் காணவில்லை. பொலிசாரும் ஊராரும் காடு, குளமெல்லாம் தேடினார்கள். பதினொரு நாட்களின் பின் ஹரோகேற் நகர ஹோட்டல் ஒன்றில், கணவர் விரும்பிய பெண்ணின் குடும்பப் பெயரையே தம் பெயராகப் பதிந்து தங்கியிருந்தவர் கண்டுபிடிக்கப்பட்டார். நினைவிழப்பு என்றார்கள், நாடகம் என்றார்கள். நேரில் பார்க்காத ஒருவருக்கு நோய்ப்பெயர் வைப்பது எமது தொழிலுக்கு அழகல்ல. நாம் கவனித்தது ஒன்றுதான்: நீண்ட சுயசரிதையொன்றை எழுதிய அவர், அந்தப் பதினொரு நாட்களைப் பற்றி அதில் ஒரு வரிகூட எழுதவில்லை. 1928இல் மணமுறிவு. அப்போது மகள் ரோசலிண்டுக்கு ஒன்பது வயது.

அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் தனியே பாக்தாத்துக்கு ரயிலேறினார். 1930இல் ஊர் என்னும் பழம்பெரும் நகரத்தின் அகழ்வாராய்ச்சி இடத்தில் மக்ஸ் மலோவன் என்ற இளம் தொல்லியலாளரைச் சந்தித்தார். தம்மிலும் பதினான்கு வயது இளையவரான அவரை அவ்வாண்டு செப்ரெம்பரிலேயே மணந்தார். அந்த மணவாழ்வு இறுதிவரை நிலைத்தது.

நாடகத்துக்கு அவர் வந்தது கோபத்தால். அவருடைய நாவலை 1928இல் வேறொருவர் நாடகமாக்கி மேடையேற்றியிருந்தார். புவாரோவை அதில் அவர்கள் ஆக்கியிருந்த விதம் இவருக்குப் பிடிக்கவில்லை. எனவே 1930இல் மேடையேறிய பிளக் கொஃபி என்ற நாடகத்தைத் தாமே எழுதினார். 1937இல் எகிப்திய மன்னன் அக்நாதனைப் பற்றி ஒரு பெரிய நாடகம் எழுதினார். ஒரே கடவுள், அன்பு, சமாதானம் என்று நம்பிய அரசன், அந்த நம்பிக்கைக்காகவே தன் நாட்டையும் தன்னை நம்பியவர்களையும் அழிவுக்குள் கொண்டுபோகும் கதை. பாத்திரங்கள் அதிகம், செலவு அதிகம், மேடையேற்றுவார் இல்லை. அது நூலாக வெளிவந்ததே 1973இல்தான். நல்லவர் ஒருவரின் கொள்கைக்கு விலை கொடுப்பவர் யார் என்ற அந்தக் கேள்வியை மட்டும் அவர் கைவிடவில்லை. இருபது வருடங்கள் கழித்து வேறு உடையில் அதுவே திரும்பி வந்தது.

இடையில் இரண்டாம் உலக யுத்தம். திரும்பவும் மருந்தகம், இம்முறை இலண்டன் யுனிவேர்சிற்றி கொலிஜ் வைத்தியசாலையில். பின்னர் ஐம்பதுகளில் இலண்டன் அரங்கம் அவருடையதாயிற்று. 1952 நவம்பரில் மவுஸ்ட்ராப் தொடங்கியது. 1953இல் விற்னஸ் ஃபோர் த புரோசிகியூசன். 1954 முடிவில் அவருடைய மூன்று நாடகங்கள் இலண்டனின் மூன்று அரங்குகளில் ஒரே காலத்தில் நடந்துகொண்டிருந்தன. 1958 ஏப்ரலில், பிரித்தானிய அரங்க வரலாற்றில் அதுவரை மிக நீண்ட காலம் ஓடிய நாடகம் என்ற இடத்தை மவுஸ்ட்ராப் பிடித்தது. இதற்கு மறுமாதம்தான் தீர்ப்பு மேடையேறியது.

அதற்கு அவர் முதலில் வைத்த பெயர் வேறு. லாண்டர் என்ற ஆங்கிலக் கவிஞரின் எழுத்தொன்றிலிருந்து எடுத்த பெயர். வாடாத மலர்கள் பூக்கும் வயல்கள் எங்கும் இல்லை என்ற பொருள் வரும். மருந்துக்கும் மறுமைக்கும் தப்பாத சாவைப் பற்றியது அப்பெயர். தீர்ப்பு என்று மாற்றியதும் சனங்கள் நீதிமன்றத்தை எதிர்பார்த்து வந்தார்கள்.

கதை இலண்டனின் புளூம்ஸ்பெரிப் பகுதியில் ஒரு வாடகை வீட்டில் நடக்கிறது. பேராசிரியர் கார்ல் ஹென்றிக் ஓர் அகதி. கைதான சக ஆசிரியர் ஒருவரின் குடும்பத்துக்கு ஆதரவு கொடுத்ததற்காகத் தாய்நாட்டில் வேலை இழந்து, நாட்டையும் இழந்து வந்தவர். வீடெல்லாம் புத்தகம். மனைவி அன்யா சக்கர நாற்காலியில்; உடலைப் படிப்படியாகச் செயலிழக்கச் செய்யும், குணமாக்க முடியாத நோய். விட்டுவந்த ஊரையும் நண்பர்களையும் நினைத்து அழுபவர். அவர்களோடு வந்து, அன்யாவைப் பராமரித்து, சமைத்து, மருந்து அளந்து கொடுத்து, வீட்டைத் தாங்கி நிற்பவர் லீசா. லீசாவும் கார்லும் ஒருவரையொருவர் நேசிக்கிறார்கள். அதைச் சொல்வதுமில்லை, அதன்படி நடப்பதுமில்லை. மொழி தெரியாத நகரத்தின் மாடிவீடொன்றில் நோயாளியான மாமியாரோடு முதற் குளிர்காலத்தைக் கழித்த எம் தோழியருக்கு இந்த வீட்டின் காற்று எப்படியிருக்கும் என்று விளக்கத் தேவையில்லை.

கார்ல் நல்லவர். தம்முடைய புத்தகத்தைத் திருடி விற்ற மாணவனையும் மன்னிக்கிறார். பெரும் பணக்காரரின் மகளான ஹெலன் தனிப்பாடம் கேட்டு வருகிறாள். பணத்துக்காகக் கற்பிப்பதில்லை என்று முதலில் மறுக்கிறார். அன்யாவுக்குப் புதிய சிகிச்சையொன்று பெற்றுத் தருவதாக அவளுடைய தந்தை சொன்னபின் சம்மதிக்கிறார். ஹெலனுக்கு வேண்டியது பாடமல்ல, பேராசிரியர். ஒருநாள் அன்யாவோடு தனித்திருக்கும் நேரத்தில், இதய மருந்தை அளவு கடந்து ஊற்றிக் குடிக்கக் கொடுத்துவிடுகிறாள். பார்வையாளர் கண்முன்னாலேயே இது நடக்கிறது. மருந்தகத்தில் இரண்டு யுத்தங்களைக் கழித்த ஒருவர்தான் இக்காட்சியை இவ்வளவு எளிமையாக எழுத முடியும். அரிய நஞ்சு எதுவுமில்லை; தினமும் உயிரைக் காக்கும் அதே போத்தல், அதே குவளை. அளவு மட்டும் வேறு.

தற்கொலை என்று எல்லாரும் நம்புகிறார்கள். பின்னர் ஹெலன் தானே வந்து கார்லிடம் உண்மையைச் சொல்கிறாள், நன்றியை எதிர்பார்ப்பவள்போல. கார்ல் நடுங்கிப்போகிறார். ஆனால் பொலிசாரிடம் சொல்லவில்லை. அவள் சிறுபிள்ளை, அன்பு கிடைக்காமல் வளர்ந்தவள், தூக்குமரம் எதையும் திருத்தாது என்பது அவருடைய எண்ணம். இறந்தவரின் கணவர் தாமே. மன்னிக்கும் உரிமையும் தமக்கே என்று நினைத்துக்கொள்கிறார். பிறகு பொலிசார் லீசாவைக் கைதுசெய்கிறார்கள். மருந்து கொடுத்து வந்தவர் அவர், நேசித்தவரும் அவர். இப்போது கார்ல் ஓடிப்போய் உண்மையைச் சொல்கிறார். ஆனால் ஹெலன் வீதி விபத்தில் இறந்துபோனாள். இறந்துபோன ஒருத்தியின் மேல் பழியைப் போட்டு, நேசிக்கும் பெண்ணைக் காப்பாற்றப் பார்க்கிறார் என்றே பொலிசார் எடுத்துக்கொள்கிறார்கள்.

லீசா விடுதலையாகிறார். நீதிமன்றத் தீர்ப்பு அவர் பக்கம். ஆனால் கார்லோடு இருக்க அவரால் முடியவில்லை. நீங்கள் எப்போதும் மனிதருக்கு முன்னே கொள்கையை வைத்தீர்கள், அதற்கு விலை கொடுத்ததெல்லாம் அருகில் இருந்தவர்கள் என்ற கருத்தில் அவர் சொல்வதுதான் நாடகத்தின் உண்மையான தீர்ப்பு. பெட்டியோடு வெளியேறுகிறார்.

எமது நூலகப் பிரதி அவ்விடத்தோடு முடிந்திருந்தது.

பதினேழு வயதில் நாம் கார்லின் பக்கம். கொலை செய்தவளையும் மன்னிக்கும் பெருமனம் எவ்வளவு உயர்ந்தது என்று இடைவேளையில் வேப்பமரத்தடியில் நின்று வாதாடினோம். லீசாவைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. அவர் விட்டுப்போனது எமக்குக் கல்நெஞ்சமாகப்பட்டது. எம்மைப் பிழைசொல்லவும் முடியாது. கொள்கைக்காக எதையும் விடலாம் என்ற பேச்சைக் காலையும் மாலையும் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் நாம். அந்தப் பேச்சுக்குப் பின்னால் வீட்டில் யார் தனித்து நின்றார்கள் என்று கேட்க அப்போது எமக்குத் தெரியாது.

இப்போது எமது கிளினிக்கில் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வருபவர்களைப் பார்க்கிறோம். நோயாளியின் பெயர், வயது, அழுத்தம், சீனி எல்லாம் அட்டையில் இருக்கும். தள்ளிக்கொண்டு வருபவரின் பெயரை எழுதுவதற்கு அட்டையில் இடமில்லை. பெரும்பாலும் ஒரு பெண். மகள், மருமகள், கலியாணம் செய்யாமல் இருந்துவிட்ட தங்கை. எத்தனை மணிக்கு எந்தக் குளிசை என்று நாம் கேட்டால் நோயாளி முழிப்பார். பதில் பின்னாலிருந்து வரும். குடும்பத்தில் பெரிய முடிவுகளை எடுப்பவர் வேறொருவர். அவர் நல்லவராகவும் இருப்பார். வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் கதைத்து, அம்மாவை ஒருநாளும் இல்லத்தில் விடக் கூடாது என்று கொள்கையோடு சொல்வார். அந்தக் கொள்கையைத் தூக்கிக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, இரவில் மூன்றுதரம் திருப்பிப் படுக்கவைப்பவர் லீசா. இப்படியான ஒருநாளின் முடிவில்தான் எமக்கு அந்தப் பழைய நாடகம் நினைவுக்கு வந்தது. புதிய பிரதியொன்றை வரவழைத்தோம்.

கடைசிப் பக்கம் அப்போதுதான் கிடைத்தது. கார்ல் தனியே இருக்கிறார். பிறகு கதவு திறக்கிறது. லீசா திரும்பி வருகிறார்.

வேடிக்கை என்னவென்றால், 1958 மே 22ஆம் திகதி இரவு இலண்டன் ஸ்ரான்ட் அரங்கில் இருந்தவர்களுக்கும் எமக்கு நடந்ததே நடந்தது. லீசா வெளியேறியதும், அவர் திரும்பி வருவதற்கு ஒரு நிமிடங்கூட இல்லாதபோது, யாரோ தவறான நேரத்தில் சைகை கொடுக்கத் திரை விழுந்துவிட்டது. லீசாவாக நடித்தவர் பற்றீசியா ஜெசெல். விற்னஸ் ஃபோர் த புரோசிகியூசனில் பெரும் புகழ் பெற்றவர். அவர் மேடைக்கு வரவேண்டிய கணத்தில் நாடகம் முடிந்திருந்தது. ஏற்கெனவே துப்பறியும் கதையை எதிர்பார்த்து ஏமாந்திருந்த சனம் மேல்மாடியிலிருந்து ஊவென்று கத்தியது. 67 வயதான அகதா, கூட்டத்தைக் கண்டாலே கூசும் அந்தப் பெண்மணி, அதைக் கேட்டுக்கொண்டு அரங்கிலேயே இருந்தார். மறுநாள் விமர்சகர்களும் விடவில்லை. திரையின் நேரம் அடுத்த இரவே சரிசெய்யப்பட்டது, பேர் திருந்தவில்லை. 36 காட்சிகளோடு, யூன் 21ஆம் திகதி நாடகம் நிறுத்தப்பட்டது.

அவர் செய்தது என்ன? வீட்டுக்குப் போய் இன்னொரு நாடகம் எழுதினார். சில கிழமைகளில் எழுதி முடித்த த அன்எக்ஸ்பெக்ரெட் கெஸ்ற், ஓகஸ்ற் 12ஆம் திகதி டச்சஸ் அரங்கில் தொடங்கி 604 காட்சிகள் ஓடியது. அதில் கொலை உண்டு, புதிர் உண்டு, கடைசியில் திருப்பமும் உண்டு. சனம் கேட்டதைக் கொடுத்தார். ஆனால் தாம் எழுதியவற்றில் விற்னஸ் ஃபோர் த புரோசிகியூசனை விட்டால் தீர்ப்புத்தான் சிறந்த நாடகம் என்ற எண்ணத்தை அவர் மாற்றிக்கொள்ளவேயில்லை. சுயசரிதையில் அதைத் தெளிவாகப் பதிந்து வைத்திருக்கிறார். 1926இன் பதினொரு நாட்களைப் பற்றி ஒரு வரியும் எழுதாதவர், ஊவென்று கத்தப்பட்ட நாடகத்துக்காக மட்டும் வாய் திறந்திருக்கிறார்.

1971இல் பிரித்தானிய அரசு டேம் பட்டம் வழங்கியது. 1976 ஜனவரி 12ஆம் திகதி, வொலிங்ஃபோர்டில் உள்ள தமது வீட்டில் காலமானார். சோல்சி என்ற கிராமத்துத் தேவாலய வளவில் அடக்கம் செய்யப்பட்டார். மவுஸ்ட்ராப் 2020இல் கொரோனா வந்து அரங்குகளை மூடும்வரை இடைவிடாமல் நடந்தது; மறுவருடம் மேயில் திரும்பவும் தொடங்கியது. தீர்ப்பை இப்போதும் அங்கொன்று இங்கொன்றாக அரங்கக் குழுக்கள் மேடையேற்றுகின்றன.

லீசா திரும்பி வந்தது சரியா? எமக்கு இன்னும் முடிவாகவில்லை. நாடகம் காரணம் எதுவும் பெரிதாகச் சொல்வதில்லை. அவர் வருகிறார், அவ்வளவுதான். எம் வகுப்பினரின் வட்ஸ்அப் குழுவில் இதைப் போட்டபோது இரவு இரண்டு மணிவரை சண்டை நடந்தது. வராமலே இருந்திருக்கவேண்டும், முந்தி விழுந்த திரைதான் சரியான திரை என்று ரொறன்ரோவில் இருப்பவர் ஒருவர் எழுதினார். கட்டிலில் கிடக்கும் கணவரைப் பதினொரு வருடமாகப் பார்த்துவரும் தோழி ஒருவர், எல்லாரும் எழுதி ஓய்ந்தபின், அவள் வரத்தான் வருவாள் என்று ஒரு வரி போட்டார். பிறகு ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை.

நூற்றாண்டையொட்டி நூலகத்துக்குப் புத்தகம் வழங்கும் பட்டியலில் எமது பங்குக்கு அந்த நாடகத்தின் ஒரு பிரதியையும் சேர்த்திருக்கிறோம். கீழ்த் தட்டில் வைக்கச் சொல்லியிருக்கிறோம். கடைசித் தாள் வரை இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துத்தான் கொடுத்தோம்.